திருச்சியில் படிக்க வருகிறீர்களா? பொழுதுபோக்கு, பஸ், வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் திருச்சியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பெற்றோர் கேட்பது ஒரு மாதிரி இருக்கும், பிள்ளைகள் கேட்பது வேறு மாதிரி இருக்கும். இரண்டு தரப்புக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்த ஊர் இளைஞர்களுக்கு என்ன தருகிறது என்பதும், படித்து முடித்தவர்கள் இங்கேயே தங்குகிறார்களா என்பதும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடக்கிற விஷயங்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் பொழுதுபோக்கையும் ஊர் வளர்ச்சியையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதுகிறேன்.

திருச்சியைக் கல்லூரி ஊர் என்று சொல்லலாமா? கோவிலும் பெல் (பி.எச்.இ.எல்.) பாய்லர் ஆலையும்தானே நினைவுக்கு வருகின்றன?

தாராளமாகச் சொல்லலாம். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. அந்த அளவுள்ள ஊருக்கு இங்கே இருக்கிற கல்லூரிகள் மிக அதிகம். நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883இல் இங்கே வந்தது. அப்துல் கலாம் இயற்பியல் படித்து 1954இல் பட்டம் பெற்றது அங்கேதான். 1919இல் நேஷனல் கல்லூரி, 1923இல் ஹோலி கிராஸ், 1951இல் ஜமால் முகமதுவும் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியும் (எஸ்.ஆர்.சி.) வந்தன. 1964இல் வட்டாரப் பொறியியல் கல்லூரி வந்தது. ஆர்.இ.சி. என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிற அதுதான் 2003இல் என்.ஐ.டி. ஆனது. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2011இல் ஐ.ஐ.எம்., அதற்குப் பிறகு ஐ.ஐ.ஐ.டி., தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்று வரிசை நீண்டுகொண்டே போனது.

அப்படியென்றால் ஊர் முழுக்க மாணவர்கள் தென்பட வேண்டுமே?

பகலில் தெப்பக்குளம், சத்திரம் பஸ் நிலையம் பக்கம் வந்தால் தென்படுவார்கள். செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ், இந்திரா காந்தி, எஸ்.ஆர்.சி. எல்லாம் மலைக்கோட்டையைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஜமாலும் பெரியார் கல்லூரியும் காஜாமலையில், பிஷப் ஹீபர் புத்தூர் வயலூர் ரோட்டில். இவர்கள் ஊருக்குள் இருக்கிற பிள்ளைகள்.

பின்னால் வந்த பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே, ஆளுக்கு ஒரு திசையில் இருக்கின்றன. என்.ஐ.டி. தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில், ஜங்ஷனிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். பாரதிதாசன் பல்கலையும் ஐ.ஐ.எம்.மும் புதுக்கோட்டை சாலையில். ஐ.ஐ.ஐ.டி. மதுரை சாலையில் சேதுராப்பட்டியில். சட்டப் பல்கலையும் வேளாண் கல்லூரியும் திண்டுக்கல் சாலையில் நவலூர் குட்டப்பட்டில். எஸ்.ஆர்.எம். வளாகம் சென்னை சாலையில் இருங்களூரில். நிலம் கிடைத்த இடத்தில் கட்டினார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதன் பலனாக, ஒரே ஊரில் படிக்கிற பிள்ளைகள் நாலு வருஷமும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். துவாக்குடியில் படிக்கிற பையனுக்கு ஸ்ரீரங்கம் ஒரு சுற்றுலாத் தலம் மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த ஊரில் பொழுதுபோக்கு குறைவு என்று சொல்பவர்கள் சொல்வதில் பாதி, தூரத்தைப் பற்றிய புகார்தான்.

சரி, சாயங்காலம் எங்கே போவது?

முதலில் கடைவீதி. சத்திரத்திலிருந்து மெயின்கார்டு கேட் வழியாக என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதி, பெரிய கடைவீதி என்று நடந்தாலே ஒரு சாயங்காலம் போய்விடும். துணிக்கடையும் பாத்திரக்கடையும் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுகிற பழைய கடைகள், பழரசக் கடைகள், ராத்திரி வரைக்கும் நடக்கிற வண்டிக்கடைகள் எல்லாம் அங்கே உண்டு. பண்டிகைச் சீசனில் மட்டும் தவிர்த்துவிடுங்கள், தீபாவளிக்கு முந்தைய வாரம் காலை எடுத்துவைக்க இடம் இருக்காது.

மலைக்கோட்டையில் ஏறுங்கள். 83 மீட்டர் உயரப் பாறை, வழியில் பல்லவர் காலக் குடைவரை. உச்சிப்பிள்ளையார் சன்னதியைச் சுற்றி நின்றால் காவிரி, ஸ்ரீரங்கம் கோபுரங்கள், கீழே நெருக்கி நிற்கிற வீடுகள் எல்லாம் ஒரே பார்வையில் விழும். வெயில் தாழ்ந்த பிறகு ஏறினால் கல் சூடு தெரியாது.

ஸ்ரீரங்கத்துக்கு பக்தியோடும் போகலாம், சும்மா நடக்கவும் போகலாம். 1987இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தில் தொடங்கி சித்திரை வீதி, உத்திர வீதி என்று உள்ளே போகப் போக ஒவ்வொரு சுற்றும் வேறு மாதிரி இருக்கும். அம்மா மண்டபம் படித்துறையும் பக்கத்தில்தான். மேட்டூர் திறந்து முக்கொம்புக்குத் தண்ணீர் வந்துவிட்டால் காவிரிப் பாலத்தில் நின்று பார்க்கிற கூட்டம் ஒரு திருவிழா மாதிரி இருக்கும். ஆடிப்பெருக்கன்று இந்தப் படித்துறையில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த ஊரின் சந்தோஷம் என்னவென்று தெரியும். ஆற்றில் இறங்குவது வேறு விஷயம். மணல் எடுத்த பள்ளங்கள் மேலே தெரியாது. தெரியாத இடத்தில் இறங்கவே இறங்காதீர்கள். ஒவ்வொரு வருஷமும் மாணவர்களை இழக்கிறோம்.

தில்லை நகர் வேறு உலகம். டீக்கடைக்குப் பதில் கஃபே, ஜிம், கோச்சிங் சென்டர். உட்கார்ந்து பேச இடம் வேண்டும் என்கிற பிள்ளைகள் இப்போது போவது அங்கேதான். கையில் காசு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை.

காசு செலவழிக்காமல் உட்கார இடமே இல்லையா?

இருக்கிறது, இன்னும் நிறைய வேண்டும். மேலரண் சாலையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அங்கே நாள் முழுக்க இருப்பார்கள். டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் காமராசர் பெயரில் பெரிய நூலகமும் அறிவுசார் மையமும் அமைகிறது. மதுரையில் கலைஞர் நூலகம் 2023இல் திறந்த பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன மாற்றம் வந்தது என்று பார்த்தவர்கள், இதை ஏன் இவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். ஏ.சி. ஹாலில் காசு கொடுக்காமல் ஒரு மாணவர் ஐந்து மணி நேரம் உட்காரலாம் என்பது சின்ன விஷயமே இல்லை.

உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது, ஊரின் நடுவே ஓடுகிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதன் கரையில் சில இடங்களில் நடைபாதை போட்டார்கள். கரை நன்றாக இருக்கிறது, தண்ணீரில் கழிவு கலப்பது நிற்கவில்லை. அது நின்றால் இதைவிடச் சிறந்த பொழுதுபோக்கு இடம் இந்த ஊருக்குத் தேவைப்படாது.

சினிமா?

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிற வழக்கமே இங்கிருந்துதான் புறப்பட்டது. 1905இல் திருச்சி ரயில்வேயில் டிராப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ஒரு புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். பிறகு அவர் சொந்த ஊரான கோயம்புத்தூரில் தியேட்டர் கட்டியது தனிக்கதை. ஒரு திறமைசாலி திருச்சியில் தொடங்கி வேறு ஊரில் போய்ப் பெரிய ஆளாவது அப்போதே நடந்திருக்கிறது!

இன்றைக்கு சோனா மீனா, மாரிஸ் போன்ற பழைய தியேட்டர்கள் எல்.ஏ. சினிமாஸ் ஆகி, புதிய திரைகளோடு நடக்கின்றன. பெரிய நடிகர் படம் என்றால் முதல் நாள் கொண்டாட்டத்துக்கு இந்த ஊரில் குறைவே இருக்காது. குறும்படம், பிறமொழிப் படம், ஆவணப்படம் எல்லாம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி ஃபிலிம் கிளப்பைத்தான் நம்ப வேண்டும்.

கல்லூரி விழாக்களுக்கு வெளியாட்கள் போகலாமா?

என்.ஐ.டி.யில் ஃபெஸ்டெம்பர் என்ற கலைவிழா 1975 முதல் நடக்கிறது, பெயரிலேயே செப்டம்பர் இருக்கிறது. ப்ரக்யான் தொழில்நுட்ப விழா. மற்ற கல்லூரிகளிலும் துறைவாரியாக விழாக்கள் உண்டு. போட்டிகளில் பிற கல்லூரி மாணவர்கள் பதிவு செய்து கலந்துகொள்ளலாம். ராத்திரி நடக்கிற பெரிய கச்சேரிகளுக்கு அனுமதி ஒவ்வொரு தடவையும் மாறும், அடையாள அட்டை இல்லாமல் கேட்டில் நின்றால் விடமாட்டார்கள்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து ஆடிப் பாடுகிற விழா, ஊருக்கு வெளியே காம்பவுண்டுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. துவாக்குடி கடைக்காரருக்கு விற்பனை ஆகும், உறையூரில் இருக்கிறவருக்கு விஷயமே தெரியாது. மூன்று நாளில் ஒரு நாள் சாயங்காலமாவது ஊருக்குள் ஒரு மைதானத்தில் நடத்தினால், எத்தனையோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். மாநகராட்சியும் கல்லூரியும் உட்கார்ந்து பேசினால் ஆகிற காரியம் இது.

கச்சேரி, நாடகம் எல்லாம் உண்டா?

உண்டு. எஃப்.ஜி. நடேச ஐயர் என்ற ரயில்வே அதிகாரி 1914இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபா நூறாண்டைக் கடந்து நிற்கிறது. எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறுவனாக முதலில் மேடை ஏறியது இந்த சபா நாடகத்தில்தான். இப்போதும் கச்சேரி நடக்கிறது, முன்வரிசையில் நரைத்த தலைகளே அதிகம். மார்கழியில் ஒரு நாள் போய்ப் பாருங்கள், மாணவர்களைக் கண்டால் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ராத்திரி பத்து மணிக்கு மேல்?

இங்கேதான் ஊர் கையை விரித்துவிடுகிறது. ஜங்ஷன், சத்திரம், ஸ்ரீரங்கம் பாதையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குக் கவலை இல்லை, அடிக்கடி வரும். வெளிப்புறக் கல்லூரிகளுக்கு ஒன்பது மணிக்கு மேல் டவுன் பஸ் குறைந்துவிடும். இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்புவதென்றால் ஆட்டோவோ பைக்கோதான், அதிலும் நண்பர்களோடு சேர்ந்து போனால்தான் கட்டுப்படியாகும். பைக்கில் போகிறவர்கள் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரையிலான தஞ்சாவூர் சாலையில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சர்வீஸ் ரோடு கேட்டு அந்தப் பகுதி மக்கள் பல வருஷமாகப் போராடுவதற்குக் காரணம், அந்தச் சாலையில் போன உயிர்கள்.

பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணம் இல்லை. திருச்சியில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் இந்தச் சலுகை கிடையாது. எந்தத் தடத்தில் எது ஓடுகிறது என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

அனுப்பலாம். பெண்கள் கல்லூரிகள் நூறாண்டாக இருக்கிற ஊர் இது. சத்திரம், தெப்பக்குளம், தில்லை நகர் பக்கம் சாயங்காலம் முழுக்க மாணவிகள் நடமாட்டம் இருக்கும். அதுவே பெரிய பாதுகாப்பு. பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம் வெளிப்புறக் கல்லூரிகளின் பஸ் நிறுத்தங்கள். பல இடங்களில் விளக்கு வெளிச்சம் போதாது. ஹாஸ்டலைப் பார்க்கப் போகும்போது அந்த நிறுத்தத்தையும் இருட்டிய பிறகு ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

பெரிய மால் எப்போது வரும்?

கன்டோன்மென்ட் பக்கம் ஃபெமினா இருக்கிறது. சென்னை, கோவை மாதிரி பிரம்மாண்டமாக எப்போது வரும் என்று தெரியாது, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மால் வந்தால் வளர்ச்சி வந்துவிட்டது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செலவழிக்கிற கையில் சம்பளம் இருந்தால் மால் தானாக வரும்.

சம்பளம் என்றீர்களே, படித்து முடித்தால் திருச்சியிலேயே வேலை கிடைக்குமா?

படிப்பைப் பொறுத்தது. முன்பு இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்கள்: பெல். 1928இல் வந்த பொன்மலை ரயில்வே பணிமனை, அறுபதுகளில் வந்த பெல், துப்பாக்கித் தொழிற்சாலை ஆகியவைதான் இந்த ஊரின் நடுத்தர வர்க்கத்தையே உருவாக்கின. கைலாசபுரம், பொன்மலை குடியிருப்புகளில் வளர்ந்த தலைமுறைக்கு வேலை என்றால் அப்பா போன கேட்டிலேயே நாமும் போவது. பெல்லை நம்பி துவாக்குடியைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வந்தன. அனல்மின் நிலைய ஆர்டர்கள் கடந்த பத்தாண்டில் சரிந்தபோது பெல்லைவிட அதிகம் அடிபட்டவை அந்தப் பட்டறைகள்தான். பாய்லர் வெல்டிங்கில் இந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கிற கைத்திறன் சாதாரணமானது அல்ல. பலர் அதை எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள்.

ஐ.டி. பக்கம் மெதுவாகத்தான் நகர்ந்தது. நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா 2010 டிசம்பரில் திறந்தது. இரண்டாவது கட்டடம் வர பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றுவது) மாதிரியான வேலைகளில் கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஊரிலேயே சேர்ந்தார்கள், அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். உயிரியல் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வருகிற ஒரு பெண்ணுக்கு அது பெரிய மாற்றம். இப்போது பஞ்சப்பூரில் டைடல் பார்க் வருகிறது, 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஜேபில் என்ற எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2,000 கோடி ரூபாய் முதலீட்டில் 5,000 பேருக்கு வேலை தருவதாக 2024இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. மணப்பாறை சிப்காட்டிலும் ஆலைகள் வந்திருக்கின்றன.

ஒப்பந்தத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவே பல வருஷங்கள் உண்டு என்பதைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய நிலையில் கணினிப் படிப்பு முடித்தவர்களில் பெரும்பாலானோர் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போகிறார்கள். முதல் வேலை அங்கே, ஐந்தாறு வருஷம் கழித்துத் திரும்புவது என்று திட்டமிடுகிறவர்களுக்கு இந்த ஊர் முன்பைவிட இப்போது அதிக இடம் தருகிறது.

பஞ்சப்பூர் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அங்கே என்ன?

ஊருக்குத் தெற்கே, மதுரை சாலையில். 2025 மே மாதம் ஒருங்கிணைந்த பஸ் முனையத்தைத் திறந்தார்கள், ஜூலையிலிருந்து வெளியூர் பஸ்கள் அங்கே போகத் தொடங்கின. கனரக வாகன முனையம், டைடல் பார்க், காய்கறிச் சந்தை எல்லாம் அதை ஒட்டித்தான் திட்டமிட்டிருக்கிறார்கள். மத்திய பஸ் நிலையத்தின் நெரிசல் தெரிந்தவர்கள் இதை வரவேற்கத்தான் செய்வார்கள். வெளியூரிலிருந்து வருகிற மாணவர்களுக்கு டவுன் பஸ் மாற வேண்டிய ஒரு வேலை கூடியிருக்கிறது.

ஒரு பயமும் உண்டு. வேலையும் பஸ்ஸும் கடையும் தெற்கே போய்விட்டால், மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பழைய ஊர் சாயங்காலத்தில் வெறிச்சோடும். 2021 இறுதியில் சத்திரம் பஸ் நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்தது போல, பழைய ஊருக்கும் தொடர்ந்து செலவு செய்ய வேண்டும்.

மெட்ரோ ரயில் வருமா?

அறிக்கை அளவில் பேசுகிறார்கள். நீங்கள் படித்து முடிப்பதற்குள் வராது.

விமான நிலையம் இவ்வளவு பெரிதாகிவிட்டதே, அதனால் மாணவர்களுக்கு என்ன லாபம்?

2024 ஜனவரியில் திறந்துவைத்த புதிய முனையம், ஜூனிலிருந்து இயங்குகிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று வெளிநாட்டுப் போக்குவரத்தில் தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் திருச்சிக்குத்தான். டெல்டா மாவட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கட்டிய போக்குவரத்து அது. நிறுவனங்கள் இங்கே வருவதற்கு அது ஒரு காரணமாக அமையலாம். சென்னைக்குப் போய்வர மாணவர்களுக்கு ரயில்தான் தோது. வந்தே பாரத் நாலு மணி நேரத்தில் போய்விடுகிறது, மற்ற ரயில்களில் டிக்கெட் மலிவு.

கோவை அளவுக்குத் திருச்சி வளருமா?

கோவை மில் முதலாளிகளும் பம்ப் தயாரித்தவர்களும் சொந்தக் காசைப் போட்டு வளர்த்த ஊர். திருச்சியை வளர்த்தது ரயில்வேயும் மத்திய அரசு ஆலைகளும். அதனால் இங்கே நல்ல தொழிலாளிகளும் இன்ஜினியர்களும் உருவான அளவுக்குத் துணிந்து தொழில் தொடங்குகிறவர்கள் உருவாகவில்லை. என்.ஐ.டி.யில் தொழில்முனைவோருக்கான இன்குபேட்டர் இருக்கிறது. அங்கே தொடங்குகிற கம்பெனி இங்கேயே நிலைத்து நிற்க வேண்டுமென்றால், வேலைக்கு எடுக்கிற இருபத்தைந்து வயதுப் பையனும் பெண்ணும் இந்த ஊரில் வாழ ஆசைப்பட வேண்டும். அவர்கள் கேட்பது ராத்திரி பதினோரு மணி வரை பஸ், உட்கார்ந்து பேச ஒரு பூங்கா, வாரத்தில் ஒரு நல்ல நிகழ்ச்சி, வீடு பார்க்கப் போனால் கல்யாணம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பாத வீட்டுக்காரர். இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. யாராவது ஒருவர் முதலில் ஒன்றைச் செய்யலாம் என்றால், நான் கேட்பது வெள்ளி, சனி ராத்திரிகளில் துவாக்குடி, சேதுராப்பட்டி, நவலூர், புதுக்கோட்டை சாலைக் கல்லூரிகளைச் சத்திரத்தோடு இணைக்கிற பஸ்.

ஒரு நாள் லீவில் எங்கே போகலாம்?

பக்கத்தில் என்றால் முக்கொம்பு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்து, அங்கே புதுக் கதவணை கட்டியிருக்கிறார்கள், பூங்காவும் உண்டு. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, 2015இல் திறந்தது. மழை விட்ட காலை நேரத்தில் போனால் நிறையப் பூச்சிகளைப் பார்க்கலாம். கம்பரசம்பேட்டையில் 2025இல் திறந்த பறவைப் பூங்காவை ஐந்திணை அடிப்படையில் அமைத்திருக்கிறார்கள், தமிழ் இலக்கியம் படிக்கிறவர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கும். மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போகாதவர்கள் பெரிய சூரியூர் ஜல்லிக்கட்டுக்குப் போகலாம், ஐ.ஐ.எம். பிள்ளைகளுக்குக் கூப்பிடு தூரம். கல்லணை, சித்தன்னவாசல் ஓவியங்கள், தஞ்சாவூர் எல்லாம் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடியவை. பச்சைமலைக்கும் புளியஞ்சோலைக்கும் மட்டும் மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், தண்ணீர் திடீரென்று ஏறும். கிளம்பும் முன் அங்கே தெரிந்தவர் யாரிடமாவது விசாரித்துவிட்டுப் போங்கள்.